முகிலன் நாற்காலி

நடந்தது நடந்தபடி சொல்கிறேன், ஒரு எழுத்து பொய்யில்லை, நம்பிக்கை இல்லாவிட்டால் சூடத்தைக் கொளுத்துங்கள், அணைத்துச் சத்தியம் செய்கிறேன், அந்தக் காலத்தில் எங்கள் சுசீந்திரம் கோயிலில் கொதிக்கிற நெய்யில் கையை முக்கவைத்துச் சத்தியம் வாங்குவார்களாம், அந்தச் சட்டியை அடுப்போடு தூக்கிவந்து வைத்தாலும் முழங்கை வரைக்கும் விடத் தயார், என் பெயரே அந்தச் சாமியின் பெயர்தான், தாணுமாலயன், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பொய் சொல்வேனா, சரி, சொல்லியிருக்கிறேன், இல்லை என்றால் அதுவே ஒரு பொய்யாகிவிடும், நாகர்கோவில் டெலிபோன் ஆபீசில் இருந்த காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், கடலுக்கு அடியில் போகிற கேபிளில் காது வைத்தால் திமிங்கிலம் பிரசவ வலியில் அலறுவது கேட்கிறது என்று சொல்லி ஒரு இன்ஜினியரையே இஸ்திரி பேண்ட்டோடு மணலில் குப்புறப் படுக்கவைத்தவன், அவரும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு "ஆமாவே, இரட்டைப் பிள்ளை போல இருக்கு" என்றார், ஆனால் அதெல்லாம் வாய் சொன்னது, வாய்க்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது, இது அப்படியில்லை, இதைச் சொல்ல எடுத்தாலே நாக்கு உலர்கிறது, அந்த மத்தியானம் முடிந்து எத்தனையோ நாளாகிவிட்டது என்று எனக்கே நான் சொல்லிக்கொள்கிறேன், ஆனால் கண்ணை மூடினால் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்பதாவது மாடி, ஜன்னலோர நாற்காலி, முன்னால் மேஜை, மேஜைமேல் காகிதத் தட்டு, தட்டில் பாதி அல்வா, முழுசாக இருந்தது, கை கழுவிவிட்டு வருவதற்குள் பாதியாகிவிட்டது, மாடியில் ஒரு ஆள் கிடையாது, வெளிதேசத்திலிருந்து பெரிய தலை ஒன்று வந்திருக்கிறது, அதைப் பார்க்க எல்லாரும் கீழே ஹாலுக்குப் போயிருக்கிறார்கள், எனக்குத் தலையைவிட அல்வா பெரிது, திருநெல்வேலிக்குப் போய்விட்டு வந்த ஒரு பெண் வைத்தது, எல்லாரும் போகட்டும் தின்னலாம் என்று காத்திருந்தேன், இப்போது பாதியில் பல் பதிந்திருக்கிறது, எலியா, இந்தக் கட்டடத்துக்குள் எலி நுழைய வேண்டுமென்றால் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வரவேண்டும், காக்கையா, இந்த ஜன்னல் திறக்கிற ஜன்னல் இல்லை, ஒரே கண்ணாடி, குனிந்து பார்க்கிறேன், நெய் பளபளக்கிறது, பல் வரிசை, மனிதப் பல், தட்டு யாருக்கு வைத்தது என்று இந்த மாடிக்கே தெரியும், முகிலனுக்கு வைத்தது, இந்த நாற்காலியில் வேலை பார்த்துச் செத்துப்போன முகிலனுக்கு, அப்படி ஒரு முகிலன் இல்லவே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அவனை உண்டாக்கியது நான், அவனுக்கு வைத்ததையெல்லாம் இதுவரை தின்றதும் நான், அப்படியானால் இதைத் தின்றது யார், வேண்டாம், எழுந்து போய்விடலாம், எங்கே போவது, எழுந்தால் இந்த நாற்காலி காலியாகிவிடும், காலியானால் அவன் உட்கார்ந்துவிட்டால், சீ, என்ன நினைப்பு இது, கதை விட்டவனே கதையைக் கண்டு நடுங்குவதா.

எல்லாம் இடமில்லாததால் வந்தது, என் வீட்டுக்காரி பகவதி போனபிறகு மகள் நீலா என்னைப் பெரும்பாக்கத்துக்குக் கூட்டிவந்தாள், பகலில் அந்த வீட்டில் பிரிட்ஜ் மட்டும்தான் வாய் திறக்கும், அப்போதுதான் இந்த வேலை வந்தது, கம்பெனி பெயரைச் சொல்லமாட்டேன், சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அவர்களுடைய மிஷின் தமிழில் பதில் எழுதும், அதைப் படித்து மெய் என்றால் ஒரு பொத்தான், பொய் என்றால் ஒரு பொத்தான், தெற்கத்திப் பேச்சு தெரிந்த ஆள் வேண்டுமாம், பொய்யைப் பிடிக்க என்னைப் பிடித்தார்கள், திருடனிடம் சாவியைக் கொடுப்பது நல்லதுதான், அவனுக்குத்தான் பூட்டின் அருமை தெரியும், முதல் நாள் ஒரு நல்ல மேஜையாகப் பார்த்து உட்கார்ந்தேன், சாயங்காலம் புறப்படும்போது துண்டை நாற்காலி முதுகில் விரித்துப்போட்டேன், டெலிபோன் ஆபீசில் துண்டு கிடந்தால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம், டீ குடிக்கப் போனாலும் துண்டு, கல்யாணத்துக்குப் போனாலும் துண்டு, துண்டு வேலை பார்க்கும், மறுநாள் வந்தால் நாற்காலியில் வேறு ஆள், என் துண்டு வாசலில் செக்யூரிட்டி பெட்டியில், கண்ணாடிக் கவருக்குள், தொலைந்த பொருள் என்று எழுதி ஒட்டிக் கிடக்கிறது, "இங்க யாருக்கும் சொந்தமா சீட்டு கிடையாது சார், தினம் காலைல போன்ல புக் பண்ணணும்" என்றார் செக்யூரிட்டி, மேனேஜருக்குமா என்றேன், மேனேஜருக்கும்தான் என்றார், அன்றிலிருந்து ஒரு நாள் ஐந்தாம் மாடி, ஒரு நாள் பதினொன்று, ஒரு நாள் கக்கூஸ் பக்கம், நேற்று என் பக்கத்தில் உட்கார்ந்து என் முறுக்கைத் தின்றவன் இன்று லிப்டில் என்னைத் தூணைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறான், தப்பு அவன்மேல் இல்லை, நேற்றைய நாற்காலியோடு நானும் முடிந்துபோனேன், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்குவேன், இருக்க ஒரு இடம் இல்லாமல் இப்படிச் சுற்றுகிறதுக்கு எங்கள் ஊரில் வேறு பெயர் உண்டு, அதை உயிரோடு இருக்கிற மனிதர்களுக்குச் சொல்வதில்லை.

அப்படிச் சுற்றும்போதுதான் இந்த ஜன்னலைப் பார்த்தேன், கீழே பள்ளிக்கரணைச் சதுப்பு, தண்ணீர், வெள்ளையாகப் பறவைகள், அதற்குமேல் மேகம் கூடுகிறது, எனக்கு அந்த மேகத்தைப் பார்த்ததும் ஏனோ நெஞ்சு அடைத்தது, ஏன் என்று தெரியவில்லை, தெரியவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன், நாற்காலியில் பெனாசிர் என்கிற பெண் உட்கார்ந்திருந்தாள், எங்கள் டீம்தான், ஆம்பூர்க்காரி, இந்த ஆபீசில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று வழக்கம், என் அம்மா மட்டும் கூப்பிட்ட பெயரால் முப்பத்தைந்து வயது மேனேஜர் என்னை "தாணு" என்பார், பெனாசிர் ஒருத்திதான் அங்கிள் என்பாள், "என்ன அங்கிள், ஏன் அங்கயே நிக்கிறீங்க?" என்றாள், "ஒண்ணுமில்லம்மா, நீ உக்காரு, அவன் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டான்" என்று சொல்லியாகிவிட்டது, வாய்தான் சொன்னது, "யாரு?" என்றாள், "முகிலன்", "எந்த டீம்?", நான் மேலே பார்த்தேன், "இப்ப எந்த டீம்னு சொல்லட்டும்மா" என்றேன், அவ்வளவுதான், பையும் தண்ணீர் பாட்டிலும் அவளும் அடுத்த வரிசையில், நான் ஜன்னலில், சாப்பாட்டு நேரத்துக்குள் மாடி முழுக்கத் தெரிந்துவிட்டது, சாயங்காலம் ஐந்தாம் மாடியிலிருந்து ஒருவன் வந்து "நான் அவரோட ரெண்டு வருஷம் வேலை பாத்திருக்கேன் சார், ரொம்ப சாஃப்ட், கோபமே வராது" என்று கண் கலங்குகிறான், நானும் கலங்கினேன், நான் நட்ட செடிக்கு இவன் பூ வைக்கிறான், "எப்படி இருப்பாரு அங்கிள்?" என்று பெனாசிர் கேட்டாள், ஒல்லி, காது கொஞ்சம் பெரிசு, என்னை மாதிரி, வெட்கப்படுவான், முப்பதைத் தாண்டியிருக்கும், இடது கைப் பழக்கம் என்றேன், ஏன் இடது கை என்று சொன்னேன், எனக்கே தெரியாது, வாயில் வந்தது, மறுநாள் காலையில் மவுசை எடுத்து இடது பக்கம் வைத்தேன், அவள் பார்த்துவிட்டு ஒரு சாக்லேட்டை மேஜைமேல் வைத்தாள், "பாவம் அங்கிள், யாருமே நெனச்சுக்காம இருந்தா கஷ்டமா இருக்கும்ல" என்றாள், அந்தச் சொல் ஏன் என் தொண்டையில் சாக்லேட்டைவிட மெதுவாக இறங்கியது, பிறகு மிக்சர் வந்தது, கடலைமிட்டாய் வந்தது, கிறிஸ்துமஸ் கேக் வந்தது, எல்லாம் காலையில் முதல் பஸ்ஸில் வந்து நானே முடித்தேன், முகிலனுக்கு இனிப்புதான் பிடிக்கும் என்று செய்தியும் பரப்பினேன், இந்த ஆபீசில் என் பெயர் தெரியாதவன் நூறு பேர், முகிலன் பெயர் தெரியாதவன் ஒருத்தன் இல்லை.

லைட் அணைகிறது. பயப்படக்கூடாது, இது இங்கே வழக்கம், ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் ஆள் இல்லை என்று அணைந்துவிடும், நான் இவ்வளவு நேரம் அல்வாவைப் பார்த்துக்கொண்டே கல்லாக இருந்திருக்கிறேன், மேற்கு வெயிலுக்கு ஜன்னல் மறைப்பும் தானாக இறங்கிவிட்டது, பட்டப்பகல், ஆனால் மாடி முழுக்கச் சாயங்காலம் போல, கையை ஆட்டினால் வெளிச்சம் வந்துவிடும், ஆட்டத்தான் வேண்டும், ஆட்டமாட்டேன், ஆட்டினால் வெளிச்சத்தில் எதிரே என்ன இருக்கும், அந்தப் பெயர், அந்தப் பெயரை எங்கிருந்து எடுத்தேன், இத்தனை பெயர் இருக்கிறது, வேலப்பன் இருக்கிறான், சொரிமுத்து இருக்கிறான், பொய்க்கு எப்போதும் இப்படி ஒரு பெயரைத்தான் எடுப்பேன், முகிலன் எங்கள் பக்கத்துப் பெயரே இல்லை, பஸ்ஸில் பார்த்ததா, துணிக்கடைப் பெயரா, நீலா வீட்டுக் கீழ்வீட்டுப் பையனா, அவன் பெயர் தருண், டெலிபோன் ஆபீசில் யாராவது, இல்லை, பெயர் அல்ல, குரல், அந்தப் பெயரை யாரோ சொல்லி நான் கேட்டிருக்கிறேன், ஒரே ஒரு தடவை, பின்கட்டில், உள்ளே பெண்கள் குரவை போடுகிற சத்தம், நீலாவைத் தொட்டிலில் போட்டுப் பெயர் சொல்கிற நாள், பகவதி இடது கையால், அவள் எல்லாம் இடது கைதான், தோசை திருப்புவது, கோலம் போடுவது, அந்த இடது கையால் தண்ணீர் மொண்டு முகத்தில் அடித்துக்கொண்டே சொன்னாள், "அவனுக்கு முகிலன்னு வச்சிருந்தேன், கேட்டீளா", நான் "உம்" என்றேன், அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள், பிறகு அவள் சாகும்வரை அந்தப் பெயர் வீட்டில் கேட்கவில்லை.

நீலாவுக்கு மூத்தவன், ஐப்பசி, விடாத மழை, ஆஸ்பத்திரி ஜன்னல் முழுக்க மேகம், காலையில் பிறந்தான், உச்சிக்கு நர்ஸ் முகம் மாறியது, மத்தியானம் முழுக்க இருந்தான், காது பெரிசு, இடது கை விரலை மடக்கி என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டான், என்ன பிடி அது, பிறந்து ஒரு நாள்கூட ஆகாத பிள்ளைக்கு அப்படி ஒரு பிடி உண்டா, விளக்கு வைக்கும் நேரத்துக்கு விட்டுவிட்டான், பெயர் வைக்காத பிள்ளை, சடங்கு கிடையாது என்றார்கள் பெரியவர்கள், பிள்ளை எத்தனை என்று கேட்டால் இனிமேல் அவனைச் சேர்த்துச் சொல்லாதே என்றார்கள், நானும் சொல்லவில்லை, இந்தக் கம்பெனியில் சேரும்போதுகூட அந்த எச்ஆர் பெண் கேட்டாள், "எத்தனை பசங்க தாணு?", ஒண்ணு என்றேன், வாய் பழகிவிட்டது, திமிங்கிலத்துக்குப் பிரசவம் பார்த்த வாய், ஊரில் இல்லாததையெல்லாம் இருக்கிறது என்று சொன்ன வாய், இருந்த ஒருத்தனை மட்டும் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது, இருந்திருந்தால் முப்பத்துநாலு, இந்தக் காலத்துப் பையன், இப்படி ஒரு கம்பெனியில்தான் இருந்திருப்பான், இதே மாடியில், கழுத்தில் அட்டை, மத்தியானம் அல்வா, அப்பா நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீங்க என்று கேட்டிருப்பான், அய்யோ, நான் உட்கார்ந்திருப்பது எவன் இடத்தில்.

தூரத்தில் கதவு. ஒரு வெளிச்சம். கடைசி வரிசைக்குமேல் லைட் எரிகிறது, ஆள் தெரியவில்லை, நடுவில் தடுப்புப் பலகைகள், அடுத்த வரிசை லைட் எரிகிறது, காலடிச் சத்தம் இல்லை, கீழே கம்பளம், அடுத்த வரிசை, அடுத்தது, வெளிச்சம் மட்டும் ஒவ்வொன்றாக என்னைப் பார்த்து வருகிறது, ஓடவேண்டும், ஓடப்போகிறேன், ஆனால் உள்ளே ஒரு குரல், என் குரல்தான், வா மக்கா என்கிறது, வா, பயப்படாத, உன் இடம்தான், எழுந்துடுதேன், கொஞ்சம் பொறு, கால் வரமாட்டேன் என்கிறது, எழுந்துடுதேன் மக்கா, என் தலைக்குமேல் லைட் எரிகிறது, பலகைக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஒரு கை நீள்கிறது, இடது கை, தட்டை நோக்கி வருகிறது, அல்வாவைத் தொடுகிறது, "மக்கா" என்று சொல்லிவிட்டேன், வாய் விட்டு, கை அலறியது, "அம்மா!" என்று, பலகைக்குமேல் ஒரு தலை எழும்பியது, எங்கள் மேனேஜர் ரகோத்தமன், வலது கையில் போன், மீசையில் நெய்.

"தாணு! நீங்களா! உயிரே போச்சு எனக்கு!" நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "கீழ டவுன் ஹால் மீட்டிங்குக்குப் போகல?" நீங்க போகலையா சார் என்றேன். "ஒரு கால் வந்துச்சு, அதான் வெளிய… சரி, மறைச்சு என்ன பண்ண, முதல் பாதியும் நான்தான். சுகரை விட்டுட்டேன்னு மொத்த டீமுக்கும் சொல்லி வச்சிருக்கேன், காட்டிக் கொடுத்துராதீங்க" என்றார். சாப்பிடுங்க சார் என்று தட்டைத் தள்ளினேன். ஏமாற்றம் என்றால் இப்படியா ஒரு ஏமாற்றம், பேய் வராததற்கு அழப்போகிற கிழவனை உலகத்தில் நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு அல்வாவை முடித்தார், விரலை நக்கினார், பிறகு குரலைத் தணித்தார். "தாணு, நேராவே கேக்கறேன். அந்த முகிலன் விஷயம். நான் எச்ஆர்ல விசாரிச்சேன், அப்படி ஒருத்தர் இந்தக் கம்பெனியிலேயே கிடையாது. நீங்க விட்ட ரீல்தானே?" அவரே மேலே பேசினார். "கோபமே இல்ல, சத்தியமா. செம்ம கதை. ஆனா பசங்க பயப்படறாங்க, பெனாசிர் தனியா லிப்ட்ல ஏற மாட்டேங்கறா. நீங்க ஒண்ணு பண்ணுங்க. அப்படி யாரும் கிடையாது, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்னு எல்லாருக்கும் ஒரு மெயில் போடுங்க. ரெண்டே வரி. பதிலுக்கு நான் அட்மின்ல பேசி, வயசானவர், முதுகு வலின்னு காரணம் சொல்லி, இந்த சீட்டை உங்களுக்கே நிரந்தரமா வாங்கித் தரேன். துண்டு போட்டுக்கங்க, யார் கேப்பா. இந்த பில்டிங்லயே சொந்த சீட்டு இருக்கிற ஒரே ஆள் நீங்கதான்." சிரித்தார். நல்ல மனிதர், இன்றைக்கும் சொல்வேன், மனதாரத்தான் கொடுத்தார்.

யாரும் கிடையாது, ரெண்டே வரி, எத்தனை தடவை சொன்ன வரி, நீலாவைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்னது, டெலிபோன் ஆபீசில் சொன்னது, எச்ஆரிடம் சொன்னது, இன்னொரு தடவை சொன்னால் என்ன, சாகும்வரை ஜன்னல், மேகம், துண்டு, தோளில் பை இல்லாமல் நேராக வந்து உட்காரலாம், யாராவது தாணு எங்கே என்றால் அந்த ஜன்னலோரம் என்று கை காட்டுவார்கள், வாய் ஆ என்று ஆரம்பித்துவிட்டது, ஆமாம் சார், பொய்தான், யாரும் கிடையாது, என்று சொல்லத்தான் ஆரம்பித்தது, சுண்டுவிரலில் ஒரு பிடி. "இருந்தான் சார்" என்றேன். அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "நீங்க பாத்தீங்களா?" என்றார். "பாத்தேன்." "எங்க? இந்தக் கம்பெனியிலயா?" "மத்தியானம் முழுக்க இருந்தான் சார். மழை பெஞ்சுக்கிட்டிருந்துச்சு. இடது கையால என்னைப் பிடிச்சுக்கிட்டிருந்தான். இல்லவே இல்லன்னு மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீங்க." ரகோத்தமன் தன் இடது கையைப் பார்த்தார், காலித் தட்டைப் பார்த்தார், முகம் வெளுத்துப்போனது, "அப்ப… அவருக்கு வச்சதை நான்…" என்று வாயைத் துடைத்துக்கொண்டார், துடைத்துத் துடைத்து உதடு சிவந்துவிட்டது. "அவன் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டான், சாப்பிட ஆள் வந்ததுன்னு சந்தோஷப்படுவான்" என்றேன். மெதுவாக எழுந்தார். "இருக்கார்னா, தாணு, நீங்களும் இனி அதுல உக்காரக்கூடாது. நான் அட்மின்ல சொல்லி இந்த சீட்டை புக்கிங்லேர்ந்தே எடுத்துடறேன். யாருக்கும் கிடையாது. சரியா?" சரி என்றேன். கால் வந்துவிட்டது, நானும் எழுந்துவிட்டேன், எழுந்து நாற்காலியை மேஜைக்குள் தள்ளவில்லை, கொஞ்சம் இழுத்து, ஆள் உட்கார வசதியாகத் திருப்பிவிட்டேன்.

இப்போது எனக்குப் பழையபடி ஐந்தாம் மாடி, பதினொன்று, கக்கூஸ் பக்கம், போன் எங்கே போகச் சொல்கிறதோ அங்கே, பாதகமில்லை, சாப்பாட்டு நேரத்தில் ஒன்பதுக்கு ஏறி அந்த ஜன்னல் பக்கம் ஒரு நடை நடந்துவிட்டு வருவேன், பெனாசிருக்கு இப்போது பயம் போய்விட்டது, போகிறபோக்கில் "முகிலன், மிக்சர்" என்று சொல்லிவிட்டே வைத்துவிட்டுப் போகிறாள், அவன் பெயரை ஒரு பெண் இப்படிச் சாதாரணமாகக் கூப்பிட்டுக் கேட்கக் கொடுத்துவைத்திருக்கிறது எனக்கு, பகவதிக்கு இல்லை, மிக்சரை யார் தின்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை, ரகோத்தமன் இல்லை, அவர் உண்மையிலேயே சர்க்கரையை விட்டுவிட்டார், உப்பையும் விட்டுவிட்டார், உங்களிடம் இதையெல்லாம் சொன்னதற்கு ஒரு கும்பிடு, யாரிடமும் சொல்லாதீர்கள், வாய் அரித்துச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் கதையைச் சொல்லுங்கள், பெயரையும் சொல்லுங்கள், எத்தனை பேர் அந்தப் பெயரைச் சொன்னாலும் நல்லது, சொன்னது யார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், தாணுமாலயன் சொன்னான் என்று தெரிந்தால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள், நம்பாமல் போனால் அந்த நாற்காலியை மறுநாளே யாராவது புக் பண்ணிவிடுவார்கள், அவன் எங்கே போவான்.